இல்லமே கலைக்கூடம்: கெட்டில்ஸ் யார்டின் வைப்புமுறை

ஓவியத்தையும் சிற்பத்தையும் காண விழைவோர் இக்காலத்தே பெரும்பாலும் பொதுக் கலைக்கூடங்களையே நாடிச் செல்கின்றனர். அங்கே சுவர்கள் வெண்மையானவை. ஒளி அளவாக விழும். ஒவ்வோர் ஓவியத்தின் அருகிலும் ஆக்கியோன் பெயரும் ஆண்டும் பொறித்த சிறு சீட்டொன்று இருக்கும். ஓர் ஓவியம் மற்றோர் ஓவியத்தின் அருகில் இடம்பெறுவது காலம் பற்றியோ இயக்கம் பற்றியோ ஆகும். இவ்வமைப்பு ஆராய்வார்க்குப் பயனுடையது என்பதில் ஐயமில்லை. ஆயின், இதனின் முற்றும் வேறான ஓர் அமைப்பும் மேலைநாடுகளில் உண்டு. ஒருவர் தம் வாழ்நாளில் தேடித் தொகுத்த கலைப்பொருள்கள், அவர் உண்டு உறங்கிய இல்லத்திலேயே, அவர் வைத்த இடத்திலேயே, பிறர் காணுமாறு விடப்பெறுதல் அவ்வமைப்பாகும். அத்தகைய இல்லங்களுள் ஒன்றாகிய கெட்டில்ஸ் யார்டு இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரில் உளது. தொகைநூல்களின் வைப்புமுறையை ஆராய்ந்து பழகியவர்க்கு அவ்வில்லம் எழுப்பும் வினாக்கள் முற்றும் புதியன அல்ல. அவற்றுள் சிலவற்றை ஈண்டுக் காண்பாம்.

இவ்வில்லத்தை அமைத்தவர் ஹெரால்டு ஸ்டான்லி ஈட் என்பார். நண்பர்கள் அவரை ஜிம் என்றே அழைத்தனர். அவர் 1895ஆம் ஆண்டு வேல்சு நாட்டில் பிறந்தார்; இளமையில் ஓவியம் பயின்றார்; முதல் உலகப் போரில் பணிபுரிந்தார்; அதன்பின் இலண்டனில் உள்ள டேட் கலைக்கூடத்தில் துணைக் காப்பாளராக அமர்ந்தார். அந்நாளில் அக்கூடத்தை நடத்தியோர் புதுமுறை ஓவியங்களைப் பெரிதும் மதித்திலர். பாரிசு நகருக்குச் சென்று ஓவியர்களையும் சிற்பிகளையும் அவர்தம் பணியிடத்திலேயே கண்டு பழகிய ஈட், தாம் சுவைத்தவற்றைத் தம் அலுவலகத்தார் சுவைக்குமாறு செய்ய இயலாமை கண்டு சோர்வுற்றார். 1936ஆம் ஆண்டு அப்பணியினின்று விலகினார். பின்னர் மொராக்கோ நாட்டுத் தாஞ்சியரிலும், பிரான்சு நாட்டு லுவார் ஆற்றுப் பகுதியிலும் மனைவி ஹெலனுடன் வாழ்ந்து, 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்து மீண்டார்.

அவர் பெருஞ்செல்வர் அல்லர் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கலைப்பொருள் தொகுப்பாளர் என்றவுடன் நம் உள்ளத்தில் எழும் உருவம் சுரங்கமும் ஆலையும் உடைய வணிகப் பெருங்குடியினரின் உருவமே ஆகும். ஈட் திங்கள்தோறும் ஊதியம் பெற்று வாழ்ந்த அலுவலர். அவருடைய தொகுப்புப் பொருளாற் பெற்றதினும் நட்பாற் பெற்றது மிகுதி எனலாம். பென் நிக்கல்சன், வினிஃப்ரெட் நிக்கல்சன், கிறிஸ்டபர் வுட், டேவிட் ஜோன்ஸ் முதலிய ஓவியர்கள் அவர் நண்பர்கள். பென் நிக்கல்சன் ஆக்கங்களை விரும்பி வாங்குவார் அரியராயிருந்த காலத்தே, துணிக்கும் சட்டத்துக்கும் ஆன விலையளவே கொடுத்து அவர் சிலவற்றைப் பெற்றார்; சிலவற்றை நண்பர் கொடையாகவே பெற்றார். பின்னாளில் அவ்வோவியங்கள் எய்திய விலையை எண்ணுங்கால், இது வாணிகத் திறனோ எனச் சிலர் ஐயுறக்கூடும். ஈட் அவற்றை விற்றுப் பொருளீட்டினார் அல்லர். முடிவில் இல்லத்தோடு ஒருங்கே பல்கலைக் கழகத்துக்கு ஈந்துவிட்டார். ஆதலின் அவ்வையம் நில்லாது.

இங்கிலாந்து மீண்டபோது, ஒரு பெரிய மாளிகையைப் பெற்று அதில் தம் பொருள்களை வைத்து, மாணவர்க்கு எந்நாளும் திறந்துவைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அத்தகைய மாளிகை கிடைத்திலது. கேம்பிரிட்ஜ் நகரின் பழங்கட்டடங்களைக் காக்கும் கழகத்தார், புனித பேதுரு என்னும் சிறு கோயிலின் அருகே பாழடைந்து நின்ற நான்கு குடிசை வீடுகளை அவருக்குக் காட்டினர். அவை ஏழை மக்கள் குடியிருந்தவை. இனிக் குடியிருத்தற்கு ஏலாதவை எனக் கைவிடப்பெற்றவை. நான்கனையும் ஒன்றாக இணைத்து, இடைச்சுவர் சிலவற்றை நீக்கி, படிக்கட்டுகளைத் திருத்தி, 1957ஆம் ஆண்டு அவர் அங்கே குடிபுகுந்தார். பல்கலைக் கழகப் பருவம் நடைபெறும் நாள்களில் பிற்பகல்தோறும் கதவு திறந்திருக்கும். மணிக் கயிற்றை இழுப்பார் எவராயினும் உள்ளே அழைக்கப்பெற்றனர். வீட்டுடையவரே உடன்வந்து ஒவ்வோர் அறையாகக் காட்டினார்.

இன்றும் மணிக் கயிற்றை இழுத்தே உட்புக வேண்டும். இவ்வழக்கம் சிறியதாயினும் பொருளற்றது அன்று. சீட்டுப் பெற்று வாயில் கடந்து செல்லும் காட்சியகத்தில் நாம் பொதுமக்களுள் ஒருவர். மணியொலித்துக் கதவு திறக்குமளவும் காத்து நிற்குமிடத்தில் நாம் விருந்தினர். யாம் அவ்வில்லத்துட் புக்க பொழுது முதலில் எம் கருத்தைக் கவர்ந்தவை ஓவியங்கள் அல்ல. ஒலி குறைந்த தன்மையும், பலகைத் தளமும், சாளரத்தின் வழியே விழுந்த சாய்ந்த வெயிலுமே ஆகும். நாற்காலிகளில் அமரலாம் எனப் பணியாளர் கூறினர். அமர்ந்த பின்னரே ஒன்று புலனாயிற்று. பல ஓவியங்கள் நிற்பார் கண்ணுக்கு நேராகத் தொங்கவிடப்பெறவில்லை; இருப்பார் கண்ணுக்கு நேராக, சில தளத்தை ஒட்டியும், தாழவே வைக்கப்பெற்றுள்ளன. நின்றவாறே நடந்து செல்வார் அவற்றுட் பலவற்றைக் காணாதே போவர்.

பொருள்களின் வைப்பு இனிக் கருதத்தக்கது. ஒரு வட்ட மேசைமேல் உருண்டைக் கூழாங்கற்கள் பல, பெரியன புறத்தும் சிறியன அகத்துமாகச் சுருள் வடிவில் அடுக்கப்பெற்றுள்ளன. அவை கடற்கரையிற் பொறுக்கியவை, விலையில்லாதவை. இசைப்பெட்டி ஒன்றன் மேல் பிராக்கூசி 1912ஆம் ஆண்டில் வடித்த புரொமீதியசு என்னும் தலையுருவின் சுதைவார்ப்பு ஒன்று கிடக்கிறது. கிடக்கிறது என்றே சொல்லல் வேண்டும். பீடத்தில் நிறுவப்பெற்ற சிற்பமாக அது தோன்றவில்லை, உறங்கும் குழவியின் தலைபோல ஒருக்களித்துள்ளது. கண்ணாடிக் கலங்கள் வெயில் வரும் வழியில் நிற்கின்றன. அவற்றின் நிழலும் சுவரில் ஓர் ஓவியமாகின்றது. உலர்ந்த விதைக்கூடு, எலும்புத் துண்டு, பழைய மரக்கட்டை, கைவினைக் குயவர் வனைந்த கிண்ணம் ஆகிய இவையெல்லாம் புகழ்மிக்க ஓவியங்களோடு ஒப்ப இடம்பெற்றுள்ளன. எது விலையுயர்ந்தது, எது விலையற்றது என்பதை வைப்புமுறையைக் கொண்டு உணர்தல் இயலாது. அங்ஙனம் உணரலாகாது என்பதே வைத்தவர் கருத்து.

இவற்றுள் யாவரும் எடுத்துக்கூறும் சான்று ஒன்றுண்டு. ஸ்பெயின் நாட்டு ஓவியர் மீரோ 1927ஆம் ஆண்டில் வரைந்த சிறு ஓவியம் ஒன்று அங்கே தொங்குகிறது. டிக் டிக் என்பது அதன் பெயர். அதில் மஞ்சட் புள்ளி ஒன்று உளது. அதனருகே ஓர் ஈயத் தட்டில் எலுமிச்சம்பழம் ஒன்று வைக்கப்பெற்றுள்ளது. பழம் வாடுந்தோறும் புதிய பழம் வைக்கப்பெறும். ஓவியத்தின் மஞ்சளும் பழத்தின் மஞ்சளும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. பழத்தை அகற்றின் ஓவியம் குறைவுபடாது. ஆயினும் அறை குறைவுபடும்.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. மீரோ தம் ஓவியத்தை வரைந்த ஞான்று எலுமிச்சம்பழத்தை எண்ணினார் அல்லர். அவ்விணைப்பு ஈட் செய்தது. அங்ஙனமாயின், அவ்வறையில் நாம் சுவைப்பது மீரோவின் கலையா? ஈட் என்பாரின் கலையா?

அகநானூற்றைக் கற்றார்க்கு இவ்வினா எளிதில் விளங்கும். ஒற்றைப்படை எண் பெற்ற பாட்டெல்லாம் பாலை, இரண்டும் எட்டும் ஈறாக உடையன குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். இவ்வொழுங்கு பாடிய புலவர் எவர்க்கும் தெரியாதது. தொகுத்த உருத்திரசன்மர் நாளில் அமைந்தது. பாலைப் பாட்டொன்றைக் கற்று, அடுத்துக் குறிஞ்சியைக் கற்று, மீண்டும் பாலைக்கு வருவார் உணரும் உணர்வு ஒன்றுண்டு. அது தனிப்பாட்டு எதனுள்ளும் இல்லை. தொகுத்தார் ஒரு சொல்லும் எழுதாமலே ஒன்றனை ஆக்கியுள்ளார். எனினும் அகநானூற்று வைப்பு ஒரு பாட்டின் பொருளை மாற்றுவது அன்று. அது கற்பார் செல்லும் வழியை அமைப்பதே ஆகும். ஈட் செய்தது ஒருபடி மேற்பட்டது. அவர் ஓவியத்துக்கு அருகே வைத்த பழம், ஓவியத்துள் எதனை முதலில் நோக்கவேண்டும் என்பதையும் சுட்டுகின்றது. இஃது ஏறக்குறைய உரை எழுதுதலை ஒக்கும். சொல்லில்லாத உரை என்க.

உரை என்றமையின் மற்றொன்றும் கூறல் வேண்டும். அவ்வில்லத்தில் எப்பொருளின் அருகிலும் பெயர்ச்சீட்டு இல்லை. ஆக்கியோன் யாவன், ஆண்டு யாது, பெயர் யாது எனும் செய்திகள் ஒன்றும் சுவரில் இல்லை. அறிய விரும்புவார் பணியாளரை வினவலாம், கையேட்டைப் புரட்டலாம். பெயரைப் படித்த பின்னரே ஓவியத்தை நோக்கும் பழக்கம் கண்ணை மழுக்கிவிடும் என்பது இம்முறைக்குக் காரணமாகக் காட்டப்பெறும். இதில் உண்மை பெரிதும் உண்டு. பிக்காசோ என்று எழுதப்பெற்றதன் முன் நெடிது நிற்பாரும், எழுதப்பெறாததன் முன் நில்லாதே போவாரும் எந்நாட்டுக் காட்சியகத்திலும் உளர். ஆயினும் இம்முறையை யாம் முழுதும் உடன்படோம். உடன்படாமைக்கு இருவர் வரலாறு சான்றாகும். அவ்விருவர் ஆக்கங்களே அவ்வில்லத்தின் உயிர்நிலையாக உள்ளன என்பதனால், அவ்வரலாற்றைச் சற்று விரித்துக் கூறுவாம்.

முதல்வர் ஆன்றி கோடியே-பிரெஸ்கா என்னும் சிற்பி. பிரான்சு நாட்டில் ஓர்லியான் நகரின் அருகே 1891ஆம் ஆண்டு தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். போலந்து நாட்டினராகிய சோஃபி பிரெஸ்கா என்னும் அம்மையாரோடு நட்புப் பூண்டு, அவர் பெயரையும் தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, 1911ஆம் ஆண்டில் இலண்டனிற் குடியேறினார். அம்மையார் அவரினும் பல்லாண்டு மூத்தவர். இருவரும் கொடிய வறுமையில் வாழ்ந்தனர். நல்ல கல் வாங்கப் பொருளின்மையின் கிடைத்த சிறு துண்டுகளையே அவர் செதுக்கினார். மூன்று நான்கு ஆண்டுகளுள் அவர் எய்திய வளர்ச்சி வியப்புக்குரியது. 1913ஆம் ஆண்டு ஆடுமகள் உருவத்தைச் செய்தவர், 1914இல் மீனை விழுங்கும் பறவை என்னும் உருவத்தைச் செய்தார். முன்னையதில் உடலின் நெளிவு உளது. பின்னையதில் உயிரினம் இரண்டும் பொறியின் உறுப்புகள்போல ஒன்றனுள் ஒன்று பொருந்தி நிற்கின்றன. விழுங்குவது எது, விழுங்கப்படுவது எது என ஒரு கணம் மயங்கவேண்டியுள்ளது. போர் தொடங்கியதும் அவர் பிரெஞ்சுப் படையிற் சேர்ந்தார். 1915ஆம் ஆண்டு சூன் திங்களில் போர்க்களத்தில் இறந்தார். அகவை 23.

அவர் ஆக்கங்களைச் சோஃபி அம்மையார் காத்து வைத்திருந்தார். அம்மையார் உளம் திரிந்து, 1925ஆம் ஆண்டில் மனநோய் விடுதி ஒன்றில் இறந்தார். இறுதி முறி எழுதிற்றிலர். உரிமை கோருவார் இன்மையின் அப்பொருள்கள் அரசைச் சார்ந்தன. அவற்றை மதிப்பிடுமாறு அரசினர் டேட் கலைக்கூடத்துக்கு அனுப்பினர். அக்கூடம் அவற்றை ஏற்க விழைந்திலது. பெரும்பகுதியைச் சிறு தொகை கொடுத்து ஈட் வாங்கினார். பின்னர் அம்மையார் விட்டுச்சென்ற குறிப்புகளையும் கடிதங்களையும் கொண்டு அச்சிற்பியின் வரலாற்றை எழுதினார். அது 1931இல் சாவேஜ் மெசையா என்னும் பெயரில் வெளிவந்தது. சிற்பியின் ஆக்கங்கள் சிலவற்றை டேட் கலைக்கூடத்துக்கும் பிரெஞ்சு நாட்டுக் கூடங்களுக்கும் கொடையாக அளித்தார். இன்று கோடியே-பிரெஸ்கா என்னும் பெயர் சிற்ப வரலாற்றில் இடம்பெற்றுள்ளதெனின், அதற்குப் பெருங்காரணர் ஈட் என்பது மிகையன்று. கறையானுக்கு இரையாக இருந்த சுவடிகளைத் தேடிக் காத்தாரை நாம் போற்றுவது போலவே அவரையும் போற்றவேண்டும். எனினும், ஒரு சிற்பியின் வாழ்நாள் உழைப்பு முழுமையும் ஓர் அலுவலர் தம் ஊதியத்தால் வாங்கிவிடும் விலையினதாக இருந்தது என்னும் செய்தியை அறியாமல் அவ்வறையில் நிற்பார், அறையின் அமைதியை மட்டுமே காண்பர்.

மற்றவர் ஆல்ஃபிரடு வாலிஸ். இவர் 1855இல் பிறந்தவர். இளமையிற் கடலில் உழைத்தவர். பின்னர்க் கார்ன்வால் பகுதியில் செயிண்டு ஐவ்ஸ் என்னும் துறைமுக ஊரில் பழங்கயிறும் இரும்பும் வாங்கி விற்று வாழ்ந்தவர். மனைவி 1922ஆம் ஆண்டில் இறந்தபின், தனிமை நீங்கும்பொருட்டு, ஏறத்தாழ எழுபதாம் அகவையில் ஓவியம் வரையத் தொடங்கினார். எவரிடமும் பயின்றிலர். கடைக்காரர் எறிந்த அட்டைகளே அவர்க்குத் துணி. படகுக்குப் பூசும் வண்ணமே வண்ணம். அட்டை கோணலாகக் கிழிந்திருப்பின் அக்கோணலுக்கு இயையவே கடலையும் கப்பலையும் வரைந்தார். 1928ஆம் ஆண்டில் பென் நிக்கல்சனும் கிறிஸ்டபர் வுட்டும் தெருவழியே செல்லுங்கால் திறந்த கதவின் வழியே அவர் ஓவியங்களைக் கண்டு வியந்தனர். அவர்கள் வாயிலாக ஈட் அறிந்தார். வாலிஸ் தம் ஓவியங்களைக் கட்டாகக் கட்டி அஞ்சலில் இலண்டனுக்கு அனுப்புவார். ஈட் தம்மால் இயன்ற அளவு எடுத்துக்கொண்டு, ஒன்றுக்குச் சில சில்லிங் வீதம் பணம் அனுப்பிவிட்டு எஞ்சியவற்றைத் திருப்பி அனுப்புவார். இங்ஙனம் சேர்ந்தவை நூற்றினும் மிக்கன.

வாலிஸ் 1942ஆம் ஆண்டில் மாட்ரன் என்னும் ஊரில் ஏழையர் விடுதியில் இறந்தார். ஏழையர்க்குரிய பொதுக்குழியில் இடாமல் தனியே அடக்கம் செய்ய ஓவிய நண்பர்கள் ஏற்பாடு செய்தனர். குயவர் பெர்னார்டு லீச் செய்த ஓடுகள் அக்கல்லறையை மூடியுள்ளன.

இவற்றைக் கூறுவது ஈட் அவர்களைக் குறைகூறுதற்கு அன்று. வாலிஸ் ஓவியங்களை ஒருவரும் வேண்டாத நாளில் அவர் வேண்டினார், அதுவே பெரிது. ஆயினும் தொகுப்பாளர் புகழ் பெற, ஆக்கியோன் விடுதியில் மாய்ந்தமை நினைக்கத்தக்கது. பெயர்ச்சீட்டு இல்லாத சுவரில் வாலிஸின் கப்பலும், ஏழையர் வீடுகள் நான்கு இருந்த இடத்தில் எழுந்த அழகிய அறையும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. கூழாங்கல்லும் எலுமிச்சம்பழமும் எளிமையின் அழகைக் காட்டுவன என்கின்றனர். எளிமை விரும்பி மேற்கொள்வார்க்கு அழகு. வேறு வழியின்றி மேற்கொண்ட வாலிஸுக்கு அஃது அட்டைத் துண்டு. பெயரின்றியும் ஓவியத்தைச் சுவைக்கலாம். சங்கப் பாடல்களிலும் கூற்றுக் குறிப்பை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கற்று இன்புறுதல் கூடும். அங்ஙனம் கற்குமாறு மாணவரை யாமே தூண்டுவதுண்டு. ஆயின் குறிப்பு ஒருநாளும் வேண்டா என எவரும் கூறார்.

ஈட் 1966ஆம் ஆண்டு இல்லத்தையும் பொருள்களையும் பல்கலைக் கழகத்துக்கு உரிமையாக்கினார்; ஆயினும் அங்கேயே தொடர்ந்து வாழ்ந்தார். லெஸ்லி மார்ட்டின், டேவிட் ஓவர்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் அமைத்த புதிய பகுதி 1970இல் பழைய வீடுகளோடு இணைந்தது. மேலிருந்து ஒளி இறங்கும் அகன்ற கூடம் அது. அதன் திறப்பு நாளில் டு பிரே அம்மையாரும் பேரன்பாயிமும் இசை நிகழ்த்தினர். பழைய வீட்டின் தாழ்ந்த கூரையினின்று அக்கூடத்துக்குள் செல்வார்க்கு மூச்சு விரிவது போன்ற உணர்வு தோன்றும். இரண்டும் ஒருவர் உள்ளத்தின் இரு நிலைகளாகவே அமைந்துள்ளன. 1973ஆம் ஆண்டில் ஈட் தம்பதியர் எடின்பரோ நகருக்குச் சென்றனர். அங்கேதான் அவர் 1990இல் மறைந்தார்.

1973 என்னும் ஆண்டே எம் கருத்தில் முதன்மையானது. அதுவரை அவ்வில்லம் மாறிக்கொண்டிருந்தது. வீட்டுடையவர் ஓர் ஓவியத்தை இறக்கி மற்றொன்றை மாட்டுவார், நாற்காலியை நகர்த்துவார், புதிய கல்லொன்றைச் சேர்ப்பார். அவர் சென்றபின் யாவும் நிலைத்துவிட்டன. பணியாளர் ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்து அதே இடத்தில் மீண்டும் வைக்கின்றனர். வீட்டுடையவர் இப்பொழுதுதான் வெளியே சென்றாற்போல் உளது என்று காண்பார் பலரும் கூறுகின்றனர். இக்கூற்று எமக்கு உடன்பாடன்று. வெளியே சென்றவர் திரும்பி வந்தால் ஏதேனும் ஒன்றை இடம் மாற்றியே இருப்பார். நாம் இன்று காண்பது வாழும் இல்லம் அன்று. வாழ்ந்த இல்லத்தின் இறுதிப் பாடம். வாய்மொழியாக வழங்கிய ஒரு கதைப்பாடலை ஒரு நாள் ஒருவர் எழுத்தில் வடித்துவிட்டால், அந்நாளைய வடிவமே என்றும் அதன் வடிவமாகிவிடுதல் போன்றது இது.

பாடம் நிலைபெறுதலை நாம் குறையென்று கொள்ள வேண்டுவதில்லை. நிலைபெறாத இடங்களில் நேர்ந்தவற்றை நோக்கினால் இது விளங்கும். வெனிசு நகரில் பெருங்கால்வாயின் கரையில், ஒரு தளமளவே எழுந்து முற்றுப்பெறாது நின்ற மாளிகையைப் பெகி குகன்ஹைம் அம்மையார் 1949ஆம் ஆண்டளவில் வாங்கி, முப்பது ஆண்டு அங்கே வாழ்ந்தார். 1951 முதல் கோடைதோறும் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். 1979ஆம் ஆண்டில் அவர் இறந்தபின், அவர் கொடைபெற்ற அறநிலையம் அதனை முறையான காட்சியகமாக்கிற்று. கட்டிலின் தலைப்பக்கத்துக்கெனக் கால்டர் செய்த வெள்ளிப் பின்னல் இன்று சுவரில் தொங்கும் சிற்பமாக உளது. அம்மையாரின் தொகுப்போடு பிறர் தொகுப்பினையும் சேர்த்துக் காட்டுதல் முறையன்று என வழித்தோன்றல்கள் சிலர் பிரெஞ்சு நீதிமன்றங்களில் வழக்கிட்டனர். 2014இலும் மேல்முறையீட்டில் 2015இலும் அவ்வழக்குத் தள்ளப்பெற்றது. சட்டம் அறநிலையத்தின் பக்கம் நின்றது. எனினும் படுக்கையறையில் படுக்கை இல்லை.

அமெரிக்க நாட்டில் ஆல்பர்ட் பார்ன்ஸ் என்பார் மற்றொரு வழியை மேற்கொண்டார். மெரியன் என்னும் ஊரில் தம் இல்லத்தை ஒட்டி எழுப்பிய கூடத்தில், ஓவியங்களுக்கிடையே இரும்புக் கீல்களையும் பூட்டுகளையும் தம் கருத்துக்கேற்ப மாட்டிவைத்து, ஒன்றனையும் பெயர்க்கலாகாது என ஆவணம் எழுதினார். அவர் 1951இல் இறந்தார். பொருள்முடை நேர்ந்தபோது அறத்தார் நீதிமன்றத்தின் இசைவு பெற்று, 2012ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் எழுந்த புதிய கட்டடத்துக்கு யாவற்றையும் மாற்றினர். பழைய அறைகளின் அளவும் சுவரின் வைப்பும் அவ்வாறே படியெடுக்கப்பெற்றன. பாடம் அதுவே, ஏடு வேறு. பாஸ்டன் நகரத்து இசபெல்லா கார்ட்னர் அம்மையாரின் இல்லத்தில் நிலைமை இன்னும் விந்தையானது. எதனையும் மாற்றலாகாது என்பது அம்மையாரின் இறுதி முறி. 1990இல் 13 பொருள்கள் களவு போயின. அவை இருந்த இடங்களில் வெறுஞ்சட்டங்கள் இன்றும் தொங்குகின்றன. செல்லரித்த ஏட்டில் சொல் சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியர்க்கு அச்சட்டங்களின் பொருள் நன்கு விளங்கும்.

கெட்டில்ஸ் யார்டுக்கு நேர்ந்துள்ள இடர் வேறுவகையானது. அவ்வில்லத்தின் அழகு வெயிலால் அமைந்தது என மேலே கூறினோம். நீர்வண்ண ஓவியத்தையும் காகிதத்தில் வரைந்த கோட்டோவியத்தையும் வெளிறச் செய்வதும் வெயிலே ஆகும். முழுதும் திரையிட்டால் ஓவியம் பிழைக்கும், இல்லம் மாயும். முழுதும் திறந்தால் இல்லம் வாழும். ஓவியம் மெல்ல மெல்ல மறையும். இதற்கு முடிந்த முடிபு இல்லை. ஒவ்வொரு நாளும் எத்துணை ஒளி விடுவது என்பதைக் காப்பாளர் அன்றன்று துணிய வேண்டியதாகின்றது. 2015ஆம் ஆண்டில் மூடப்பெற்று, ஜேமி ஃபோபர்ட் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த புதிய கூடங்களோடும் கல்விப் பகுதியோடும் 2018 பிப்பிரவரியில் அவ்விடம் மீண்டும் திறக்கப்பெற்றது. பெருகிவரும் காட்சியாளர்க்கு வேண்டுவன யாவும் புதிய பகுதியில் அமைய, பழைய வீடு பழையவாறே விடப்பெற்றது. இப்பிரிவு தக்கதே.

எல்லாம் நிலைத்துவிட்ட அவ்வில்லத்தில் ஒன்றுமட்டும் இன்னும் நிலையாது இயங்குகின்றது. ஈட் தம் காலத்தில் மாணவர்க்கு ஓவியங்களைக் கடன் கொடுத்தார். காட்சியகத்தில் ஒருநாள் நின்று காண்பதினும், தம் அறையில் மாட்டிப் பல திங்கள் உடன் வாழ்தல் மேல் என்பது அவர் துணிபு. அவ்வழக்கம் இன்றும் உண்டு. இதற்கெனத் தனியே ஒரு தொகுதி வைக்கப்பெற்றுள்ளது. கல்வியாண்டின் தொடக்கத்தில் மாணவர்கள் வந்து தமக்கு விருப்பமான ஓவியத்தைத் தேர்ந்து, விடுதி அறைக்கு எடுத்துச் செல்கின்றனர். கணக்குப் பயில்வார், மருத்துவம் பயில்வார், சட்டம் பயில்வார் எனப் பலதுறையினரும் வருகின்றனர். நுண்கலை பயில்வார்க்கு மட்டும் உரியதன்று இது. ஆண்டிறுதியில் ஓவியத்தைத் திருப்பித் தருவர். அடுத்த ஆண்டில் வேறொருவர் அதனைத் தம் சுவரில் வேறொன்றன் அருகே மாட்டுவார்.